நாய் மேல் கலர் பூசினால் அபராதம் எவ்வளவு தெரியுமா?

வசந்தம் வந்துவிட்டால் காளிகாட் சந்துகளிலும் ‘டோல்’ களைகட்டும். ஹோலிக்கு வங்கத்தில் அதுதான் பெயர். அன்று தெருநாய்கள் மேலும் கலர்ப்பொடி விழும். ‘கழுவினா போயிடும்’னு நினைக்காதீங்க. நாய் உடம்பை நக்கித்தான் சுத்தம் செய்துகொள்ளும். பொடியில் உள்ள ரசாயனம் வயிற்றுக்குள் போய்விடும். கண்ணும் தோலும் எரியும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி, விலங்குக்குத் தேவையில்லாத வலி தருவது குற்றம். முதல் முறை சிக்கினால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். அவ்வளவுதான்!

அந்தத் தொகைக்கு யாரும் பயப்படப்போவதில்லை. ஆகவே பாதுகாப்பு உங்க கையில். பண்டிகையன்று செல்லப்பிராணியை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். பொடி பட்டால் ஈரமாகும் முன் தட்டிவிட்டு, நாய்களுக்கான ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். வாந்தி எடுத்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்க.