கடலில் வீசிய முதல் தூண்டில்

திகனவாசிகளாகிய நமக்கு மீன்பிடித்தல் என்றால் விக்டோரியா நீர்த்தேக்கந்தான். 1985-இல் அணை திறக்கப்பட்டதிலிருந்து மலைநாட்டிலேயே ஒரு சிறு கடல் வாய்த்துவிட்டது. பாண் உருண்டையைக் கோத்தெறிந்தால் திலாப்பியா அகப்படும்.

கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும் ஓகஸ்ட் விடுமுறையில் குடும்பத்தோடு திருகோணமலை சென்றோம். கோணேசரைத் தரிசித்தபின், அதே கர்வத்தோடு கடலிலும் தூண்டிலை வீசினோம். பாண் உருண்டை நொடியிற் கரைந்துபோயிற்று! அருகிலிருந்த முதிய மீனவர் நகைத்தவாறே இறால் துண்டொன்றைத் தந்தார்.

சற்று நேரத்தில் மூத்த மகனின் நூல் இழுபட்டது. வெளிவந்த மீனோ பந்துபோல் உப்பி நின்றது. "அம்மா, இன்று குழம்புக்கு இதுதான்!" என்று அவன் குதித்தான். பெரியவர் பதறியெழுந்தார்.

"தம்பி, அது பேத்தை! கறிக்கு ஆகாது, கடலிலேயே விட்டுவிடு."

பேத்தையின் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. உண்டவர் உடல் மரத்து, மூச்சு நின்று மாளக்கூடும், மாற்றுமருந்தும் இல்லை. ஜப்பானியர் இதன் இனத்தை விரும்பி உண்பர். ஆயினும் அங்கே பயிற்சி பெற்று அனுமதி வாங்கியவரே அதை அறுக்கலாம். அகப்பட்டதெல்லாம் கறிமீன் என்று நீர்த்தேக்கக் கரையிற் பழகிய நமக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

மகன் அரைமனத்தோடு அதை நீரில் விட்டான். அன்றிரவு நாம் உண்டது பெரியவர் பிடித்த விளைமீன்.