சேர்த்து வைக்கும் தொழில்

உளவள ஆலோசனை என்ற பேச்சு எழுந்தவுடன் நம் இலக்கிய வட்டாரத்தில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. முதலாவது ஏளனக் குரல். மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டிப் புலம்புவதற்கு ஓர் அறையா, நமக்குத் திண்ணை இருந்தது, பாட்டி இருந்தாள், அவர்களும் இல்லாவிட்டால் தஸ்தயேவ்ஸ்கி இருக்கிறார் என்று அது சொல்லும். சற்றுக் கூடுதலாகப் படித்தவரென்றால் ஃபூக்கோவின் பெயரை உதிர்த்து, பாவமன்னிப்புக் கூண்டின் நவீன வடிவம் இது என்று முடித்துவிடுவார். இரண்டாவது குரல் கருணை மிகுந்தது. நண்பர் வீட்டில் கணவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டதும், "ஒரு கவுன்சிலிங் போய்வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று, பல்வலிக்குக் கிராம்பு சொல்வதைப் போலச் சொல்லும்.

இவ்விரு குரல்களும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் ஓரிடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. ஆலோசகர் என்பவர் பிணங்கியவர்களைச் சேர்த்து வைப்பவர் என்பதில் இரு சாராருக்கும் ஐயமில்லை. அந்த வேலையைத் திண்ணையே செய்துவிடும் என்கிறார் ஒருவர். காலம் மாறிவிட்டதால் காசு கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும் என்கிறார் மற்றவர். என் சண்டை இந்த உடன்பாட்டோடுதான். சேர்த்து வைப்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் ஒரு தம்பதியை அனுப்புவது, தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்ட பஞ்சாயத்துக்கு அனுப்புவதாகும். அங்கே தோற்கப்போவது இருவரில் எவர் என்பதும் நமக்குத் தெரியும்.

திண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை. திண்ணையில் உட்கார்ந்து பேசியவர்கள் யார்? வீட்டுக்காரர், அவருடைய சிநேகிதர், வழிப்போக்கர். அந்த வீட்டுப் பெண் நிலைப்படிக்கு உட்புறம் நின்றாள். அவளுக்குக் கிணற்றடி இருந்ததே, கோயில் பிராகாரம் இருந்ததே என்பார்கள். இருந்தன. அங்கே சொன்னது மாலைக்குள் தெருக்கோடி வரை போய், விளக்கு வைப்பதற்குள் மாமியார் காதுக்குத் திரும்பி வந்தது. பாட்டி பொறுமையாகக் கேட்டாள் என்பதும் மெய்யே. கேட்டு முடித்தபின் 'கல்லானாலும் கணவன்' என்று தொடங்கியவளும் அவள்தான்.

1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' கதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மழைநாளில் முன்பின் அறியாதவனின் காரில் ஏறிச் சீரழிக்கப்பட்டுத் திரும்பும் மகளை, தாய் தலையில் நீர் ஊற்றித் தூயவளாக்கி, செய்தி வீட்டைத் தாண்டாமல் காக்கிறாள். அதற்கு எழுந்த கண்டனங்கள் இலக்கிய வரலாற்றில் பதிவானவை. பின்னர் அதே தாய் வாயை மூடிக்கொள்ளாமல் ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் என்ற எதிர்த்திசையில் அவர் எழுதியதுதான் 1972-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பவருக்கு ஒன்று புலப்படும். நடந்தது ஒன்றே, கேட்டவர் அதை என்ன செய்தார் என்பதில்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் திசை மாறிவிடுகிறது. கேட்பவரைப் பற்றிய கவலை மேல்நாட்டிலிருந்து நமக்கு இறக்குமதியானதாகச் சொல்பவர்கள் தம் புத்தக அலமாரியை ஒருமுறை துடைத்துப் பார்ப்பது நல்லது.

ஃபூக்கோ அன்பர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 1976-இல் வெளியான 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில் அவர் காட்டியது இதுதான்: மனம் திறந்து பேசும் சடங்கில் அதிகாரம் பேசுபவரிடம் இருப்பதில்லை, மௌனமாகக் கேட்பவரிடம் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து எழ வேண்டிய கேள்வி, கேட்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது. அந்தக் கேள்வியைக் கேளாமல் கூண்டு என்று பெயர் சூட்டிவிட்டு நகர்வது சோம்பல். சென்னையிலோ கோவையிலோ ஒரு மாடியறையில் இன்று பிற்பகல் யாரோ ஒருத்தி வாய்திறக்கப் போகிறாள். எதிரே அமர்ந்திருப்பவர் எப்பேர்ப்பட்டவர் என்பது அவளுக்குக் கோட்பாட்டுப் பிரச்சினையாக இருக்க முடியாது.

மணவாழ்க்கை ஆலோசனையின் பிறப்புச் சான்றிதழ் அழகானதன்று என்பதையும் மறைக்க வேண்டாம். அமெரிக்காவில் அதைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் பால் போப்பனோ. 1930-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் குடும்ப உறவுகளுக்கென்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். உளவியல் படித்தவரல்லர். அதற்கு முன் அவருடைய நிபுணத்துவம் பேரீச்சை வளர்ப்பு. 1913-இல் அதைப் பற்றி நூலே எழுதியிருக்கிறார். (பேரீச்சையோடு நின்றிருக்கலாம்.) இடையில் மனித இன மேம்பாட்டுக் கொள்கையில் ஊறி, 'தகுதியற்றவர்கள்' என்று கருதப்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதைக் கலிபோர்னியாவில் வாதாடி வளர்த்தவர். தகுதியுள்ளவர்கள் பிரியாமல் இருந்து பிள்ளை பெற வேண்டும் என்பது அந்நாணயத்தின் மறுபக்கம். அதற்காகத்தான் ஆலோசனை. 1953 முதல் ஓர் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகையில் அவருடைய நிறுவனத்துக்கு வந்த தம்பதிகளின் கதைகள் தொடராக வந்தன. 'இந்தத் திருமணத்தைக் காப்பாற்ற முடியுமா?' என்பது அதன் தலைப்பு. கவனியுங்கள், அங்கே நோயாளி திருமணம். கணவனும் மனைவியும் அதற்குச் செவிலியர்.

அத்துறை பின்னர் வெகுதூரம் வந்துவிட்டது. நாம் வந்தோமா என்பதுதான் கேள்வி.

நம் சட்டமே இந்த எண்ணத்துக்கு உரம் போட்டிருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், இயன்றவரை தம்பதியைச் சமரசப்படுத்த முயல்வதை நீதிமன்றத்தின் முதற்கடமையாக வைத்தது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் அதை விரித்து, ஆலோசகர்களுக்கும் இடமளித்தது. நீதிமன்ற வளாகத்தில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகருக்கு அது அரசு தந்த வேலை. அவர்மேல் எனக்குப் புகாரில்லை. ஆனால் தனியாகப் பலகை மாட்டியவரும் அதே அங்கியை எடுத்துப் போட்டுக்கொள்கிறாரே, அதுதான் உறுத்துகிறது. இத்தனை குடும்பங்களைச் சேர்த்து வைத்தவர் என்று மேடைகளில் அவர் அறிமுகப்படுத்தப்படுகிறார். இத்தனை பேரை வன்மமில்லாமல் பிரிந்துபோக உதவியவர் என்று எவரேனும் அறிமுகப்படுத்தப்பட்டு நான் கேட்டதில்லை.

அறைக்குள் நடப்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். தனியொருவர் வந்தால் கணக்கு எளிது, வந்தவரே பயனாளி. இருவர் வந்தால் யாருக்காக இவர் உட்கார்ந்திருக்கிறார்? உறவுக்காக என்பது பாடப்புத்தகப் பதில். நடைமுறையில் கட்டணம் கட்டுபவர் ஒருவர், தொலைபேசியில் நேரம் கேட்டவர் ஒருவர், மறுநாள் காலையில் "என்ன சார், பையன் என்ன சொன்னான்?" என்று விசாரிப்பவர் பையனின் தாயார். அந்த அழைப்புக்குப் பதில் சொல்லும் ஆலோசகர்கள் உண்டு. பதில் சொல்வதைக் குடும்பப் பண்பாடு என்றே அவர்கள் நம்புகிறார்கள்.

இரகசியம் இன்னொரு கண்ணி. இருவரையும் சேர்த்துப் பார்த்தபின் ஒவ்வொருவரையும் தனியே பார்ப்பது வழக்கம். தனியே வந்த கணவர் தமக்கு இன்னொரு தொடர்பு இருப்பதைச் சொல்லிவிட்டு, அவளிடம் சொல்ல வேண்டாம் என்கிறார். அந்தக் கணத்திலிருந்து ஆலோசகர் உடந்தை. அடுத்த வாரம் மனைவி, "நான்தான் வீண் சந்தேகப்படுகிறேனா?" என்று கேட்கும்போது அவர் என்ன முகத்தை வைத்துக்கொள்வார்? தனியே சொல்லப்படும் எதையும் மற்றவரிடமிருந்து மறைக்க மாட்டேன் என்று தொடக்கத்திலேயே அறிவிப்பவர்கள் ஒரு சாரார். எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது என் தீர்மானம் என்று அறிவிப்பவர்கள் இன்னொரு சாரார். எது மேல் என்று வாதிக்கலாம். எதையும் அறிவிக்காமல் தொடங்குவது மட்டும் தொழிற்குற்றம். ஓராண்டாக மனைவிக்குத் தனியாகச் சிகிச்சை அளித்தவரே ஒரு நாள் கணவரையும் வரச்சொல்லித் தம்பதி சிகிச்சையைத் தொடங்கிவிடுவதும் இவ்வகையே. வருபவர் குற்றவாளியாகத்தான் அந்தப் படியேறுவார். அதற்கு வேறொருவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். ஒரு வருமானம் குறையும், அவ்வளவுதான்.

எல்லாவற்றினும் கொடியது வன்முறை உள்ள வீட்டை வெறும் 'கருத்து வேறுபாடு' உள்ள வீடாக நடத்துவது. அடிப்பவரையும் அடி வாங்குபவரையும் ஒரே சோபாவில் உட்கார வைத்து, "உங்கள் தரப்பில் எதை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று நடுநிலையாகக் கேட்கிறார்கள். அந்த அறையில் அவள் சொன்ன உண்மைக்கு அன்றிரவு வீட்டில் கணக்குத் தீர்க்கப்படும். ஆகவேதான் சேர்ந்த அமர்வுக்கு முன் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, வீட்டில் அச்சம் உண்டா, கை ஓங்கப்பட்டதா என்று விசாரிப்பதையும், உண்டென்றால் தம்பதி சிகிச்சையை நிறுத்தி வைத்துப் பாதுகாப்பை முதலில் பார்ப்பதையும் இத்துறையின் அரிச்சுவடியாகக் கற்பிக்கிறார்கள். இவ்விஷயத்தில் நம் சட்டமே நம் ஆலோசகர்களைவிட முன்னே நிற்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் வந்தது. அதன் 2006-ஆம் ஆண்டு விதிகளில் பதினான்காவது, ஆலோசனையின்போது வன்முறைக்கு எதிர்த்தரப்பு நியாயம் கற்பிக்க அனுமதியில்லை என்கிறது. தொடங்கும் முன்பே அதை அவரிடம் தெரிவித்துவிட வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மட்டுமே சமரச முயற்சி என்கிறது. நீதித்துறை நடுவர் நியமிக்கும் ஆலோசகருக்கான விதி அது. தனியார் அறைகளில் அதை ஒட்டி வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பலகை மாட்டும் உரிமை யாருக்கு? மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி பதிவு வேண்டும். 'ஆலோசகர்' என்ற சொல்லுக்கு அப்படி வேலி போடப்படவில்லை. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் ஆலோசகர்கள் ஒருவாறு இடம்பெற்றார்கள். ஆனாலும் வார இறுதிச் சான்றிதழும் பேச்சு வன்மையும் உள்ளவர் இந்தத் தொழிலில் காலூன்றத் தடையெதையும் நான் காணவில்லை.

இதைவிட முக்கியமானது, அறைக்குள் பேசியதற்குச் சட்டம் தரும் காப்பு. வழக்கறிஞரிடம் சொன்னதற்குச் சாட்சியச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. ஆலோசகரிடம் சொன்னதற்கு அத்தகையது இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியக் காப்பை உரிமையாக்கியது மனநோய் உள்ளவர்களுக்கு. பிணக்கோடு வரும் தம்பதி நோயாளிகள் அல்லர். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மணமக்களில் ஒருவர் மற்றவர் பேச்சை இரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் மணவழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. சட்டைப் பையில் கைபேசி ஓடிக்கொண்டிருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு ஒருவர் எப்படி மனம் திறப்பார்? தம் அறையில் பதிவு கூடாது என்று இருவரிடமும் எழுதி வாங்குவது சட்டத்தின் முன் எவ்வளவு தாங்கும் என்பது வேறு. எழுதி வாங்காதவர் இதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்றுதான் பொருள்.

கட்டண ஏளனத்துக்கு வருகிறேன். தனக்கென ஒதுக்கப்பட்ட மணிநேரத்தை நோயாளி வாடகைக்கு எடுக்கிறார், வராவிட்டாலும் கட்டணம் உண்டு என்று 1913-இல் ஃப்ராய்ட் கறாராக எழுதினார். கேட்க நாராசமாக இருக்கலாம். நம் சித்தப்பாவின் இலவசச் சமரசத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருமுறை பேசித் தீர்த்து வைத்ததற்காக அடுத்த முப்பது ஆண்டு எல்லா விசேஷங்களிலும் அவர் முன்வரிசையில் உட்கார்ந்து, "நான் மட்டும் அன்றைக்கு வராவிட்டால்..." என்பார். கட்டணம் அந்தக் கடனை வாசலிலேயே தீர்த்துவிடுகிறது. அது எட்டாதவர்கள் பெரும்பான்மையோர் என்பதே உண்மையான குறை. சென்னையில் சிநேகா 1986 முதல் இலவசமாகக் காது கொடுக்கிறது. அரசின் டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் 2022 முதல் இயங்குகிறது. இவை அவசரத்துக்குக் கைகொடுப்பவை. மாதக்கணக்கில் இருவரோடு உட்கார்ந்து பேசும் வேலையை இவற்றின்மேல் சுமத்த முடியாது.

கோளாறு சொல்லிலேயே தொடங்குகிறதோ என்று சில சமயம் தோன்றும். தமிழ்நாட்டில் 'கவுன்சிலிங்' என்றால் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது பொறியியல் கல்லூரி இடஒதுக்கீடு; அதைக் கலந்தாய்வு என்று தமிழாக்கினோம். மனத்துக்கானதை ஆலோசனை என்றோம். இரண்டிலும் ஒருவர் மேசைக்கு அப்பால் இருந்து எதையோ வழங்குகிறார். ஈழத்தமிழர் இதற்கு 'உளவளத்துணை' என்ற சொல்லை வழங்குகிறார்கள். அங்கே அரசு அலுவலரின் பதவிப் பெயரிலும் அச்சொல் உண்டு. போரும் 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் தின்ற மண்ணில் வேலை செய்தவர்கள் அவர்கள். மகனின் உடல்கூடக் கிடைக்காத தாய்க்கு என்ன ஆலோசனை சொல்லிவிட முடியும்? உடனிருக்கலாம், அவ்வளவே. கணவனும் மனைவியும் வந்து நிற்கும் வாசலிலும் அதே சொல்லை எழுதியிருந்தால், உள்ளே இருப்பவருக்குச் சேர்த்து வைக்கும் அவசரம் சற்றுக் குறைந்திருக்கும்.

சொல் மாறும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு: முதல் நாளிலேயே, கட்டணத்தைக் கேட்கும் அதே குரலில், நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். என்ன படித்தீர்கள், எங்கே பயின்றீர்கள்? தனியே சொல்வதை மற்றவரிடம் சொல்வீர்களா? என் வீட்டார் தொலைபேசியில் அழைத்தால் என்ன செய்வீர்கள்? நாங்கள் பிரிவதென்று முடிவெடுத்தால் அதற்கும் உடனிருப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு "அந்தப் பேச்சே வேண்டாம்மா" என்று புன்னகையோடு பதில் வருமானால், அன்றைய கட்டணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.