கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள்!

மார்கழி விடியலில் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் நிறுத்தியிருந்த காரை எடுக்கிறீர்கள். கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம். கையால் ஒரு வட்டம் துடைத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். அந்த நேரத்தில் தெருவில் மீன் கூடையோடு ஆட்கள் நடப்பார்கள். வட்டத்துக்கு வெளியே இருப்பவர் உங்கள் கண்ணில் படமாட்டார்.

முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் உள்பக்கமா, வெளிப்பக்கமா?

வெளிப்பக்கம் என்றால் இரவுப் பனி, வைப்பர் போதும். ஓட்டும்போது மறுபடி படிந்தால், ஏ.சி. கண்ணாடியை அதிகம் குளிரவைக்கிறது என்று அர்த்தம். குளிர்ச்சியைக் குறையுங்கள்.

உள்பக்கம் என்றால் நம் மூச்சும் காருக்குள் தங்கிய ஈரமும்தான் காரணம். ஏ.சி.யைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். உள்காற்றே சுற்றிவரும் பொத்தானை அணைத்துவிடுங்கள். ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும்.

தினமும் உள்ளே படிகிறதா? கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் அடியில் தங்கியிருக்கும். மழை இல்லாமலே முன்சீட்டுக் காலடி நனைந்திருந்தால், ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கடலோரத்தில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்தால் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். வெயில் வந்ததும் மிதிகளை உலர்த்துங்கள். கதவுகளை அரை மணி நேரம் திறந்து வையுங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது!