படித்தவர்கள் திறந்த கதவு

ஜெர்மனியில் ஹிட்லர் வந்ததற்கு வேலையில்லாத் திண்டாட்டம்தான் காரணம் என்று நம்மில் பலர் சொல்வோம். 1932-ல் அங்கே சுமார் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை, நிஜம்தான். டிப்ளமோ கையோடு அலையப்போகும் நமக்கு அது புரியாதா என்ன! ஆனால் அதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் வேலையில்லாமல் நின்றார்களே, அங்கே ஜனநாயகம் சாயவில்லையே?

எனக்கு உறுத்துவது 1924-ல் வந்த ஒரு தீர்ப்பு. முதல் உலகப்போரில் தோற்ற நாடு. 1919-ல்தான் புது அரசியல் சட்டம் எழுதி, குடியரசாக நடை பழகிக்கொண்டிருந்தது. 1923 நவம்பரில் மியூனிக்கில் ஹிட்லர் துப்பாக்கியோடு ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தான். நாலு போலீஸ்காரர்கள் செத்தார்கள். நீதிபதிகளோ, நாட்டுப்பற்றால் செய்துவிட்டான் என்று உருகி, ஐந்தே வருஷம் கொடுத்தார்கள். அவன் அப்போது ஆஸ்திரியக் குடிமகன். நாடு கடத்தச் சட்டமும் இருந்தது. செய்யவில்லை. ஏப்ரலில் தீர்ப்பு, டிசம்பரில் வெளியே!

எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். "படிச்சவங்க தப்பு பண்ண மாட்டாங்க" என்பார் அப்பா. அவரிடம் இதை எப்படிச் சொல்வது? 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளுக்கு 34 இடம் குறைந்தது. அப்புறமும் 1933 ஜனவரியில் ஹிட்லருக்குப் பதவி வாங்கிக் கொடுத்தவர்கள் முன்னாள் பிரதமர் பாப்பன் மாதிரிப் பெரிய இடத்துக்காரர்கள்தான்.

அந்த மார்ச்சில் நாடாளுமன்றத்திடம் சட்டம் இயற்றும் அதிகாரத்தையே கேட்டான். ஆதரவு 444, எதிர்ப்பு 94. சுற்றிலும் அவனுடைய அடியாட்கள் நிற்க, எழுந்து எதிர்த்துப் பேசினாரே ஓட்டோ வெல்ஸ், அவர் கற்றது மெத்தை தைக்கும் தொழில்.