சீட்டுக்கட்டு சிந்தனைகள் - 9: எப்போ குறுக்கே புகணும்?

போன பதிவில் பிரிட்ஜ் ஏலத்தோட அரிச்சுவடியைப் பார்த்தோம். "எதிராளிங்க ஏலம் பேசிட்டு இருக்கும்போது நாம எப்போ நடுவுல புகுறது?"ன்னு பின்னூட்டத்தில் ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. நல்ல கேள்வி. இங்கே ஸ்வீடனில் நான் போற கிளப்பில் ஆட்டம் முடிஞ்சு காபி குடிக்கும்போது நடக்கிற சண்டையில் பாதி இதுக்காகத்தான் :-)

நம்ம ஊர் 304 ஆடினவங்களுக்கு ஏலம் புதுசு இல்லை. கையைப் பார்ப்போம், ஜெயிக்க முடியும்னா கேட்போம், முடியாதுன்னா வாயை மூடிக்குவோம். அதே பழக்கத்தோட பிரிட்ஜ் மேசையில் உட்கார்ந்தா தர்ம அடிதான். ஏன்னா இங்கே கேட்க வேண்டிய கேள்வி "என்னால ஜெயிக்க முடியுமா?" இல்லை. "நான் சும்மா இருந்தா அவங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?"

ஒரு உதாரணம். உங்க கை: இஸ்பேடில் ராணி, 10, ரெண்டு சின்னது. ஆட்டினில் ரெண்டு சின்னது. டைமனில் ஏஸ், ஜாக்கி, ரெண்டு சின்னது. கிளாவரில் ராஜா, ரெண்டு சின்னது. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்ற கணக்கில் மொத்தம் 10 பாயிண்ட்.

வலப்பக்கத்து ஆள் 1 ஆட்டின். நீங்க பாஸ். இடப்பக்கத்து ஆள் 2 ஆட்டின். உங்க ஜோடி பாஸ், வலப்பக்கத்து ஆளும் பாஸ். நீங்களும் பாஸ் சொன்னா ஏலம் முடிஞ்சது. சொல்லலாமா?

கொஞ்சம் துப்பறியலாம். சீட்டுக்கட்டில் மொத்தம் 40 பாயிண்ட். எதிராளிங்க கிட்ட 25க்கு மேல இருந்தா 4 ஆட்டின் வரைக்கும் போயிருப்பாங்க. 2லேயே நின்னுட்டாங்கன்னா அவங்க கிட்ட சுமார் 20தான். உங்க கிட்ட 10 இருக்கு. மீதி 10 எங்கே? எதிர்ல உட்கார்ந்து அமைதியா பாஸ் சொன்ன உங்க ஜோடி கிட்டதான்! அதனால நீங்க டபுள் சொல்லணும். இந்த இடத்தில் டபுளுக்கு அர்த்தம் "மீதி மூணு வகையில் உனக்கு எது நீளமோ அதைச் சொல்லு" என்பது. ஜோடி கிட்ட நாலு இஸ்பேடு இருந்தா 2 இஸ்பேடுன்னு சொல்லுவாங்க.

இதில் ஒரு கணக்கு இருக்கு. ழான்-ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் 1969ல் 'பிரிட்ஜ் வேர்ல்ட்' பத்திரிகையில் எழுதினது. நம்ம ஜோடிக்கு நல்லாப் பொருந்துற வகையில் எத்தனை சீட்டு, எதிராளிங்களுக்கு அவங்க வகையில் எத்தனை சீட்டு, ரெண்டையும் கூட்டுங்க. ரெண்டு பக்கமும் அவங்கவங்க துருப்பில் ஆடினா கிடைக்கிற மொத்தப் பிடிகளும் சுமாரா அதே எண்ணிக்கை வரும். லாரி கோஹன் 1992ல் இதைப் புத்தகமா எழுதி ஊரெல்லாம் பரப்பினார்.

நம்ம கையில் இஸ்பேடு 8, அவங்க ஆட்டினும் 8ன்னு வெச்சுக்குவோம். மொத்தம் 16. நீங்க சும்மா இருந்தா என்ன, 2 இஸ்பேடு ஆடினா என்ன?

அவங்களுக்கு 8 பிடின்னா நமக்கும் 8. சும்மா இருந்தா -110, ஆடினா +110.
அவங்களுக்கு 9ன்னா நமக்கு 7. சும்மா இருந்தா -140, ஆடினா -50.
அவங்களுக்கு 7ன்னா நமக்கு 9. சும்மா இருந்தா +50, ஆடினா +140.

மூணுலயும் ஆடுறதுதான் லாபம். ரெண்டாவது வரியைப் பாருங்க, தோத்தும் லாபம்! என் ஜோடி, 74 வயசுப் பாட்டி, இதைத்தான் வாரா வாரம் சொல்லுவாங்க: "மைனஸ் 50 நல்ல ஸ்கோர், தம்பி." (தம்பின்னு சொல்ல மாட்டாங்க, அது என் மொழிபெயர்ப்பு.)

இப்போ எதிராளி விடாம 3 ஆட்டின் கேட்கிறார். ரத்தம் சூடாகி 3 இஸ்பேடு சொல்லலாமா? அதே 16தான். ரெண்டு பக்கமும் 8 பிடின்னா அவங்க ஒண்ணு குறைஞ்சு தோக்கப் போறாங்க, நமக்கு +50. நாம 3 கேட்டா நாம தோப்போம், -50. அவங்களுக்கு 9 வந்தா நமக்கு 7தான். அவங்க டபுள் போட்டா -300. அதனால இங்கே நிறுத்தணும். நம்ம இஸ்பேடு 9 இருந்தா, அதாவது மொத்தம் 17ன்னா, தாராளமா 3 கேட்கலாம். 8 துருப்புக்கு 8 பிடி, 9 துருப்புக்கு 9 பிடி. அவ்வளவுதான் சூத்திரம்.

மேலே சொன்ன எண்ணெல்லாம் நாம 'வல்னரபிள்' இல்லாதப்போ. வல்னரபிள்னா ஒரு பிடி குறைஞ்சாலே 100, டபுளோட 200. அவங்களுக்கு 110தான் கிடைக்க இருந்த இடத்தில் 200 கொடுத்தா, அதே சீட்டுகளை மத்த மேசைகளில் ஆடினவங்க நம்மைப் பார்த்துச் சிரிப்பாங்க. அப்போ கையைக் கட்டிக்கிட்டு இருக்கறது புத்திசாலித்தனம். இது வேதவாக்கும் இல்லை. மைக் லாரன்ஸும் ஸ்வீடன்காரர் ஆண்டர்ஸ் விர்க்ரெனும் 2004ல் இந்த விதியை எதிர்த்தே ஒரு புத்தகம் எழுதினாங்க. துருப்பு எண்ணிக்கையை விட, கையில் சீட்டுகள் எப்படிப் பிரிஞ்சிருக்கு என்பதுதான் முக்கியம்னு அவங்க வாதம்.

கடைசியா, எனக்கு எல்லாத்தையும் விட முக்கியமாப் படுறது ஒண்ணு. கடைசி ஆளா நீங்க புகும்போது ஜோடி கையில் இருக்கிற 10 பாயிண்டையும் சேர்த்துதான் பேசியிருக்கீங்க. அது புரியாம ஜோடி "ஆகா, என் கிட்டயும் 10 இருக்கே"ன்னு மேல ஏத்தினா கதை கந்தல். அதை விட மோசம், -50 வந்ததும் முகத்தைச் சுளிக்கிறது. புதுசா வந்த பசங்க ரெண்டு பேர் எங்க கிளப்பில் அப்படித்தான் ஊமையாகிப் போனாங்க. ஒரு தடவை முறைச்சா போதும், அப்புறம் அந்த ஆள் வாயைத் திறக்கவே மாட்டார். எதிராளிங்க நிம்மதியா 2 ஆட்டின் ஆடிட்டுப் போயிடுவாங்க. ஏலத்துக்குப் போறதுக்கு முன்னாடியே ஜோடியோட உட்கார்ந்து இதைப் பேசி வெச்சுக்குங்க.

வீட்டுப்பாடம்: அவங்க 1 இஸ்பேடு, 2 இஸ்பேடுன்னு சொல்லி நிறுத்திட்டாங்க. நாம புகணும்னா 3க்குத்தான் போகணும். உங்க கிட்ட அஞ்சு கிளாவர், 10 பாயிண்ட், யாரும் வல்னரபிள் இல்லை. புகுவீங்களா? பின்னூட்டத்தில் சொல்லுங்க, அடுத்த பதிவில் பிரிச்சு மேயலாம்.

டிஸ்கி: இங்கே காசு வெச்சு ஆடறதில்லை மக்களே. தோத்தா காபி செலவு மட்டும்தான் ;-)