அலைவரிசையில் துண்டு போட முடியாது

ஹாம் ரேடியோ நண்பர் ஒருவர் போனில் பொரிந்து தள்ளினார். தினமும் காலையில் துபாய், சிங்கப்பூர் நண்பர்களோடு 20 மீட்டரில் அவர் பேசும் அலைவரிசையில், கான்டெஸ்ட் ஆட்கள் புகுந்துவிட்டார்களாம். "பதினைந்து வருஷமா நாங்க பேசற இடம் சார்!"

எனக்கு இரண்டு தரப்பும் தெரியும். நானும் கான்டெஸ்ட் ஆடியவன்தான்.

அக்டோபர் கடைசியில் நடக்கும் சி.க்யூ. வேர்ல்டு வைடு குரல் போட்டி, சனிக்கிழமை காலை நம் நேரம் 5.30க்குத் தொடங்கி 48 மணி நேரம் ஓடும். ஒரு குரலுக்கு ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். 20 மீட்டர் பேண்டின் அகலமோ 350 கிலோஹெர்ட்ஸ்தான். அதிலும் கீழ்ப்பகுதி மோர்ஸுக்கும் டிஜிட்டலுக்கும் போய்விடும். நெரிசலுக்குக் கேட்கவா வேண்டும்!

எந்த அலைவரிசையும் எந்த ஹாமுக்கும் சொந்தமில்லை. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதை இங்கே நடக்காது. அதற்காக, உட்கார்ந்திருப்பவர் மடியில் போய் உட்காரலாமா?

ஒருமுறை நானே அதைச் செய்தேன். அரை நிமிடம் கேட்டேன், அமைதி. உடனே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். சற்று நேரத்தில் ஒரு ஜெர்மன்காரர் குறுக்கிட்டு, "நான் திருச்சிக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன், கேட்கவில்லையா?" என்றார். எனக்கு எப்படிக் கேட்கும்? திருச்சி அலை சென்னையைத் தாண்டிக் குதித்து ஜெர்மனியில் போய் இறங்குகிறது. மன்னிப்புக் கேட்டு நகர்ந்தேன்.

நமக்குக் கேட்கவில்லை என்பதால் இடம் காலி என்று அர்த்தமில்லை. "ஃப்ரீக்வென்ஸி இன் யூஸா?" என்று கால்சைனோடு கேட்க வேண்டும். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்க வேண்டும். மோர்ஸில் 'க்யூ.ஆர்.எல்.?' போதும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தில் போகிற பாயின்ட் போகட்டும்.

சில இடங்களை மட்டும் தொடவே கூடாது. 14.100இல் பீக்கன்கள் ஒலிக்கின்றன. 14.300 அவசரத் தொடர்புக்கு என்று உலகம் மதிக்கும் இடம். 2004 சுனாமியில் அந்தமானில் போன்கள் செத்தபோது, அங்கே போயிருந்த ஹாம்கள்தான் செய்தி அனுப்பினார்கள். அந்த நேரத்தில் பாயின்ட்டுக்காக ஒருவர் மேலே ஏறிக் கத்தியிருந்தால்?

நண்பருக்கும் ஒன்று சொன்னேன். 30, 17, 12 மீட்டர்களில் கான்டெஸ்ட் நடத்துவதில்லை என்பது உலக வழக்கம். இரண்டு நாள் 17 மீட்டருக்குப் போய்ப் பேசுங்களேன்.

"அதுக்கு வேற ஆன்டெனா கட்டணுமே சார்" என்றார்.

கட்டலாம். என்னிடம் ஒயர் இருக்கிறது, தருகிறேன் என்றேன்.