எஞ்சினைக் குறை சொல்ல முதல்

எங்களில் ஒருத்தரின்ர வீட்டு அலுமாரிக்கு மேல ஒரு மாதிரி ரயில் செட் ஆறு வருசமாத் தூசி பிடிச்சுக் கிடந்தது. வெளிநாட்டில இருந்து மாமா கொண்டுவந்தது. ஓடவிட்டால் பெட்டிகள் இழுபடும், வளைவில தடம்புரளும். "எஞ்சினுக்குப் பலம் காணாது" எண்டு முடிவுகட்டி எஞ்சினைக் கழட்டினோம். உள்ளுக்குள்ள ஒரு பிழையும் இல்லை. திரும்பப் பூட்டேக்க மெல்லிய வயர் ஒண்டை அறுத்துப்போட்டோம். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினும் நிண்டுபோச்சு.

அந்த வெட்கத்தோடதான் இதை எழுதுகிறோம். பெட்டிகள் இழுபட்டால் எஞ்சினைக் கடைசியாகச் சந்தேகியுங்கோ. இன்னும் பலமான எஞ்சின் வாங்குறது பிழையை மறைக்கிற வேலை. பாரமில்லாத, இறுகின பெட்டிகளை அது வளைவில இழுத்தால், அவை உள்பக்கமாச் சரிஞ்சு விழும்.

முதல்ல ஒரு கேள்வி கேளுங்கோ. எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில விழுகுதா? அப்ப பிழை தண்டவாளத்தில. மூட்டுகளை நகத்தால தடவினால் ஏற்ற இறக்கம் தட்டுப்படும். ஒரே பெட்டி போற இடமெல்லாம் விழுகுதா? அப்ப பிழை பெட்டியில.

அந்தப் பெட்டியைப் புரட்டி, ஒவ்வொரு சில்லையும் விரலால சுண்டுங்கோ. உடனே நிண்டால் அச்சைப் பாருங்கோ. தலைமுடியோ நூலோ சுத்தியிருந்தால் ஊசியால எடுக்கலாம். எண்ணெய் விடாதீங்கோ, அது தூசியைப் பிடிச்சு இன்னும் இறுக்கும். மெதுவான பென்சிலின்ர கூரைச் சுரண்டி, அந்தக் காரீயத் தூளை அச்சின்ர முனையில வையுங்கோ.

அடுத்தது அளவு. எங்கட செட் எச்.ஓ. அளவு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஒரு அச்சில இருக்கிற இரண்டு சில்லுகளின்ர உள்முகங்களுக்கும் இடையில ஏறக்குறைய 14.4 மி.மீ. இருக்கவேணும். கூடினாலும் குறைஞ்சாலும் தடம் மாறுற இடத்தில சில்லு ஏறி விழும். உயர்தரப் பௌதிகவியலில வேணியர் படிச்ச ஆக்களுக்கு இப்பத்தான் அதுக்கு ஒரு உருப்படியான வேலை!

பாரத்துக்கு அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் ஒரு கணக்குச் சொல்லுது: 1 அவுன்ஸ், அதோட நீளத்தின்ர ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குலப் பெட்டிக்கு 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம். குறைஞ்சால் வலைக்குக் கட்டுற ஈயத்தைப் பெட்டியின்ர அடித்தளத்தில ஒட்டலாம். மேல ஒட்டினால் பெட்டி ஆடும். ஈயம் தொட்ட கையைக் கட்டாயம் கழுவுங்கோ.

"சின்னப்பிள்ளை விளையாட்டுக்கு இவ்வளவு மினக்கேடோ?" எண்டு கேட்பினம். எங்களுக்கு இது விளையாட்டு மட்டும் இல்லை. 1990 இல நிண்ட ரயில் 2014 ஒக்டோபரிலதான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. இடையில 24 வருசம். அந்தக் காலத்தில இங்க வளர்ந்த பிள்ளையளுக்கு ரயில் எண்டது பெரியாக்கள் சொன்ன கதை மட்டும்தான். இன்னொண்டு, இந்தச் செட்டுக்கு உதிரிப்பாகம் எங்கட ஊர்க் கடையில கிடைக்காது. எறிஞ்சால் எறிஞ்சதுதான். பிழையைச் சரியாக் கண்டுபிடிக்கப் பழகாதவைக்கு, பழுதான எல்லாமே குப்பை.

எங்கட செட்டின்ர உண்மையான பிழை என்ன தெரியுமோ? மூன்றாவது பெட்டியின்ர அச்சில ஒரு நீளத் தலைமுடி. எடுக்க இரண்டு நிமிசம். நாங்கள் அறுத்த வயரை ஒட்டுவிக்கத்தான் ரேடியோ திருத்துற ஐயாவிட்ட போகவேண்டி வந்தது.

இப்ப அது ஓடுது. முதல் நாள் அம்மா குசினி வாசலில நிண்டு பார்த்தா. "இது கொடிகாமத்தில நிக்குமோ?" எண்டு கேட்டா.

உங்கட அலுமாரிக்கு மேலயும் ஒண்டு கிடந்தால், எறிய முதல் பெட்டியைப் புரட்டிப் பாருங்கோ.